எங்கள் மாமாவும் கிட்னி சின்னமும்

படம் வரையத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு அருமையாக வரைந்தாலும், கீழே இது இன்னது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. அதனால் என் மாமனாரைத் தேர்தலில் நிறுத்திவிட்டேன்.

நான் டிராயிங் டீச்சர். கடத்தூர் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். மாமாவுக்கு (மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) பல வருடமாகச் சுகர். முட்டி வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் அவராகவே வலி மாத்திரை வாங்கி, கடலை மிட்டாய் மாதிரி உள்ளே தள்ளுவார். சுகர்காரர்கள் இப்படி விழுங்கினால் கிட்னி கெட்டுவிடும், ஒரு யூரின் டெஸ்ட் எடுங்கள் என்று ஊர் நர்சம்மா கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணுக்கு நல்லாத்தாம்மா போவுது. அத எதுக்கு டப்பாவுல புடிக்கோணும்?" என்பார் மாமா. எனக்கோ பயம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இப்படியே இருந்து, இப்போது டயாலிசிஸுக்கு அலைகிறார்.

ஒருநாள் நர்சம்மா சொன்னார்: "வாயால சொன்னா யாரும் கேக்கறதில்லீங்க டீச்சர். பாத்ததும் புரியற மாதிரி படமாப் போடுங்க. எழுத்தே வேணாம்."

எழுத்தே வேண்டாமாம்! என் கலைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? மாமாவும் அத்தையும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டு மதிலில் ஆரம்பித்தேன். நடுவில் சிவப்பாக இரண்டு பெரிய கிட்னி. அதன் கீழே பச்சையில் ஒரு டிக். ஒரு பக்கம் மாத்திரை அட்டை, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. மறுபக்கம் ஆரோக்கியமான மனிதர்: வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மீசை, சிரிப்பு, கூப்பிய கை (டாக்டருக்கு நன்றி சொல்கிறாராம்). முகம் மட்டும் மாமாவுடையது. தன் மூஞ்சியைப் பார்த்தாவது டெஸ்டுக்குப் போவார் என்பது என் கணக்கு.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலையில் மதில் முன்னால் கூட்டம். வாசலில் பெருமையாக நின்றேன்.

"மாமா வந்தா தண்ணிக் கஷ்டம் தீருமாங்க டீச்சர்?" என்றார் ஒரு அக்கா.

"தண்ணி, டாக்டர் சொல்ற அளவுக்குக் குடிச்சாப் போதுங்க்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பின்னால் இரண்டு பேர் அது மாங்காயா முந்திரியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மெடிக்கல் ஷாப்காரர் வண்டியை விட்டு இறங்கினார். "ஏனுங்க டீச்சர், நான் நிக்கறது தெரிஞ்சுதான் மாத்திரைக்குப் பெருக்கல் போட்டீங்களா?"

எங்கே நிற்கிறார், எதற்கு நிற்கிறார், எனக்கு எதுவுமே புரியவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். யாரோ ஓடிப்போய் அவர் தோளில் துண்டைப் போட்டார்கள். மாமா பழக்க தோஷத்தில் கும்பிட்டுச் சிரித்தார். படத்தில் இருப்பதைப் போலவே! கூட்டம் கைதட்டியது.

"அம்மாடி, நான் எதுல நிக்கறேன்?" என்று என் காதில் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் சுண்ணாம்பு வாளியோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு தேர்தல் அதிகாரி வந்துவிட்டார். சின்னமே ஒதுக்காதபோது எப்படி வரைந்தீர்கள் என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அது கிட்னிங்க!" என்று கத்தினேன். சுகர், வலி மாத்திரை, யூரின் டெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இவரு டெஸ்ட் எடுத்துட்டாரா?" என்றார்.

மெடிக்கல் ஷாப்காரர் முந்திக்கொண்டார். "எங்கீங்க! கல்யாணத்துக்குப் போவும்போதுகூட எங்கடையிலதான் வலி மாத்திரை வாங்கிட்டுப் போனாரு."

ஊரே சிரித்தது. மாமா துண்டை உருவி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். "எதுக்கும் அடிச்சிருப்பா" என்றார் அதிகாரி, வாளிக்காரரிடம். மாமா முகத்தின்மேல் சுண்ணாம்பு வழிந்தபோது, அந்த மதிலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் என்றிருந்தது.

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார்.

"கெளம்புமா. டெஸ்டு எடுக்காதவன் மூஞ்சிய சுவத்துல வச்சா எவன் மதிப்பான்?"

சிறுநீரில் லேசாகப் புரதம் போக ஆரம்பித்திருந்தது. நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்று சொல்லி டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார், வேறு மருந்து எழுதினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். பயமா நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது மாமா டெஸ்டைத் தவறவிடுவதில்லை. ஆனால் முட்டி வலிக்கும்போது கை தானாகப் பழைய மாத்திரை டப்பாவைத் தேடும். உடனே அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுப்பார்:

"போடுங்க, போடுங்க. வூட்டு ஓட்டுகூட வுழாது, டெபாசிட் போயிரும்!"

மாமா டப்பாவை வைத்துவிட்டு, மதிலில் நான் வரைந்த அதே சிரிப்போடு எங்கள் இருவருக்கும் ஒரு கும்பிடு போடுவார்.