சுதந்திரச் செம்பும் பன்னிரண்டு தவளைகளும்

சுதந்திரத்தின் விலை மூன்று வெள்ளி ஐம்பது காசு. காஜா பெராங் பகுதியிலுள்ள நடராஜன் பட்டறையில் கொஞ்சம் முறைத்துப் பேரம் பேசினால் மூன்று வெள்ளிக்கும் படியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் வந்த மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளை முன்னிட்டு, தகரச் செம்புக்குச் செம்பு முலாம் பூசி, 'சுதந்திரச் செம்பு' என்று விற்றுத் தேசத்தொண்டு புரிந்துகொண்டிருந்தார் அவர். முலாம் பூசி மிஞ்சிய பச்சைத் தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. குழாய் வைத்து ஆற்றுக்குத் தானம் செய்தார்.

இந்தத் தானத்தின் அருமை தவளைகளுக்குத் தெரியவில்லை. அவை போனதும் பூச்சி வந்தது. ஆற்றோரம் கங்குங் கீரை போடும் தெய்வானை, பாதித் தோட்டம் போனபின் குழாயை அடைக்கச் சொல்லிச் சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுத்தாள். உடனே அவர் உத்தரவுப்படி 'தவளை நல விசாரணைக் குழு' உதயமானது. தவளைகளுக்கு மிக அருகில் தொழில் செய்பவர் என்ற தகுதியில், ஊரார் 'தவுக்கே' என்று அழைக்கும் பட்டறை முதலாளி நடராஜனே தலைவர். நேரத்தை மிச்சப்படுத்த, அறிக்கைத் தாளின் அடியில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே நிரப்புவது மட்டும் அவர் கடைக் கணக்கெழுதும் கிராணி சேதுபதியின் வேலை.

தெய்வானை வாளியோடு வந்தாள்.

"செம்புல தண்ணி வச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லது, தெய்வான. உன் தவளைக்கு அது சும்மாவே கிடைக்குது லா!" என்றார் நடராஜன்.

"அது செம்புல தண்ணி, தவுக்கே. இது தண்ணில செம்பு."

இந்த நுட்பம் குறிப்பில் ஏறவில்லை.

"வாளியில எத்தன?"

"பன்னெண்டு. நாலு நாளாத் தேடிப் பிடிச்சது."

"பன்னெண்டு! எழுதுங்க கிராணி: தவளை வளம் திருப்திகரம்."

"தலைய எண்ணிட்டீங்க. காலையும் எண்ணுங்க."

எண்ணினார்கள். சிலவற்றுக்கு நாலும் இருந்தன. சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு இரண்டு. ஒன்றுகூடக் குதிக்காமல் உட்கார்ந்திருந்த ஒழுக்கத்தை நடராஜன் மனமாரப் பாராட்டினார். கடைசித் தவளையைத் தூக்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்கு ஆறு கால்! உபரி ரெண்டு. மத்ததோட பாக்கியில கழிச்சுடுங்க."

"ஒருத்தர் வரவ இன்னொருத்தர் பற்றுல கழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, தவுக்கே?" என்று தயங்கினார் சேதுபதி.

"தவளைக்கு அதெல்லாம் கிடையாதுய்யா!"

தெய்வானை கிராணியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தினம் உங்க வீட்டுக்கு வர்ற கங்குங்கும் இந்தத் தண்ணில வளந்ததுதான்."

சேதுபதி மேசைக்கடியில் குனிந்து தம் கால்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, விறுவிறுவென்று எழுதித் தாளை அவளிடமே நீட்டினார். நடராஜன் எழுவதற்குள் அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு சுகாதார அதிகாரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"தவளை: பன்னிரண்டு. இருக்க வேண்டிய கால்: நாற்பத்தெட்டு. காணாமல் போனவை: பதினொன்று. கேட்காமலே கொடுக்கப்பட்டவை: இரண்டு. குழாயை அடைக்கும் நாள்: இன்று. இத்தனைக்கும் தாமே காரணம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்: நடராஜன், தலைவர்."