குதிரை நலம்

எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு புத்தகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனிதருக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் படித்தேன். படித்ததெல்லாம் பொய். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் போய்ப் பல காலம் ஆகிறது. மறைக்க இனி எதுவும் இல்லாததால் எழுதுகிறேன்.

ஆம்பூர் பஜாரில் அவரை பைண்டர் பாய் என்பார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. உலகம் முடியும் நாளில் எல்லாரும் எடுத்ததை எல்லாம் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால், ஊரே முட்டி மோதிக்கொண்டு ஓடும்போது, பைண்டர் பாய் மட்டும் கையை வீசிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். அவரிடம் திருப்ப ஒன்றும் மிச்சம் இருக்காது.

பைண்டிங்குக்கு வந்த புத்தகத்துக்குள் எது இருந்தாலும் அதை ஒரு பொட்டலமாக மடித்து உரியவரிடம் சேர்த்துவிடுவார். பஸ் டிக்கெட், மயிலிறகு, காதல் கடிதம் எல்லாம் அதில் அடக்கம். காதல் கடிதத்தைப் புத்தகத்துக்காரரின் மனைவியிடமே கொடுத்ததில் ஒரு குடும்பம் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முறை என் அகராதியைத் தைத்துக் கொடுத்தபோது, கூடவே ஒரு சின்னக் காகித மடிப்பும் தந்தார். பிரித்தால் செத்த பூச்சி.

"இன்னா பாய் இது?"

"உங்க புக்ல இருந்துச்சு சார். நம்ம கடைப் பூச்சி இல்ல. நம்ம பசையில மயில்துத்தம் கலக்கறோம், நம்ம கடையில பூச்சி உயிரோட இருக்காது."

தோலை மோந்து பார்த்தே அதன் ஊரையும் பருவத்தையும் சொல்லிவிடுவார். "இது பேரணாம்பட்டு ஆடு. மழைக்காலத்துல உரிச்சது. ஆவாரம்பட்டை கம்மி." நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளியே சரக்கை அவரிடம் காட்டப் பயப்படுவார்.

நான் அந்த ஷாப்பில் இங்கிலீஷ் குமாஸ்தா. குடியாத்தத்தில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து, எங்கள் தெருவிலேயே முதன்முதலாக பி.ஏ. தேறியவன். லண்டன் ஏஜெண்டுகளுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அந்த பி.ஏ.வை நான் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பாய் என்னை "பி.ஏ. சார்" என்றுதான் கூப்பிடுவார். வினை அங்கேதான் தொடங்கியது.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருடம், வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு நோட்டைப் பைண்டிங்குக்குக் கொண்டுவந்து கொடுத்தாராம். முன்னூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார் தன் கைப்பட எழுதியது. அந்த ஊர்க் கோயிலுக்குச் சொந்தம். தான் படிக்க வாங்கி வந்ததாகவும், கப்பல் ஏறுமுன் வந்து வாங்கிக்கொண்டு போய் அந்த ஊரில் திருப்பித் தரவேண்டும் என்றும், ஊர்ப் பெயர் முதல் பக்கத்தில் இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் வரவில்லை. உடம்பு முடியாமல் அவரை அவசரமாக ஊருக்கு அனுப்பினார்கள் என்றும், போகிற வழியிலேயே தவறிவிட்டார் என்றும் செய்தி வந்தது. பாய் மிஷன் பங்களாவுக்குப் போய் விசாரித்தார். புதிதாக வந்திருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பாயிடம் போய் அப்படிச் சொல்லலாமா? "இது அமானத் சார்," என்றார் என்னிடம். "நம்மள நம்பிக் கொடுத்த பொருள். நாம வெச்சுக்கக் கூடாது. ஊர் பேர மட்டும் படிச்சு சொல்லுங்க, பார்சல் கட்டிடறேன்."

திறந்தேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன தடம் மாதிரி இருந்தது எழுத்து. முதல் பக்கம் கறை பிடித்து மங்கியிருந்தது. ஒரு வரியும் பிடிபடவில்லை. பாயின் கடையில் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊர்ப் பெயர் அழிந்திருக்கிறது பாய். உள்ளே எங்காவது இருக்கும். படித்துப் பார்க்கிறேன்," என்றேன்.

"வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவுதான? தொழுகை முடிஞ்சதும் வர்றேன்."

வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வந்தார்.

சும்மா விழித்துக்கொண்டிருக்க முடியாதே. கதை கட்டினேன். பாதிரியார் பெயர் ஜான். கோயில் கூரை ஒழுகுகிறது. மாமியாரோடு சண்டை. பாய் ரசித்துக் கேட்பார். நடுவில் சந்தேகமும் கேட்பார்.

"பாதி எழுத்து தலைகீழா இருக்கே சார்?"

"அவர் படுத்துக்கொண்டு எழுதுவார் பாய்."

அடுத்த வாரம் போனால், கடையில் பாய் பாயில் மல்லாந்து படுத்து, கடைக் கணக்கு நோட்டை முகத்துக்கு மேல் பிடித்து எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க மை. "கஷ்டம் சார். பெரிய ஆளு அவரு," என்றார்.

நோட்டின் பழைய அட்டையை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. "கன்னுக்குட்டித் தோல், பதமே பண்ணல. பாதிரிய எவனோ நல்லா ஏமாத்திட்டான்." முன்னூறு வருடத்துக்கு முன் செத்துப்போன அந்த வெள்ளைக்காரத் தோல்காரனைப் பாய் வாரம் ஒருமுறையாவது திட்டுவார். சிவப்பு ஆட்டுத்தோலில் புது அட்டை போட்டவர், பழையதையும் பத்திரமாக உள்ளே வைத்தார். அதுவும் அமானத்.

எங்கள் ஷாப்பில் ஒரு மேஸ்திரி காலை முதல் மாலை வரை கத்துவார். எரிச்சலில் ஒரு வெள்ளிக்கிழமை, "கத்துகிறவன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு வேலை வாங்கட்டும்" என்று பாதிரியார் எழுதியிருப்பதாகப் படித்தேன். பாய் அதை நேராக மேஸ்திரியிடம் போய்ச் சொல்ல, மனிதர் உண்மையாகவே ஒரு வாரம் கன்னம் உப்பிய வாயோடு சைகையில் வேலை வாங்கினார். கால் மணிக்கு மேல் பிரசங்கம் செய்யக்கூடாது என்று இன்னொரு வாரம் படித்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத், சர்ச் ஐயர், கோயிலில் கதை சொல்ல வந்தவர் என்று மூவரிடமும் பாய் பாரபட்சமில்லாமல் அதைத் தெரிவித்தார். மூவருக்கும் அவர்மேல் ஒரே அளவு வருத்தம்.

குதிரைக்கு வருகிறேன். நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. அதன் கீழே குட்டையாக ஒரே வரி, திரும்பத் திரும்ப, பக்கம் பக்கமாக வந்தது. பாய் விரல் வைத்து எண்ணினார். முப்பத்தேழு.

"இன்னா சார், தினம் ஒண்ணையே எழுதிருக்காரு?"

எனக்கு அன்று சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. "மேலே இருப்பது, 'இன்று வெள்ளைக் குதிரை வாங்கினேன்.' கீழே எல்லாம், 'குதிரை நலம்.' அவ்வளவுதான் பாய்."

பாய் உருகிவிட்டார். "ஒரு வாயில்லா ஜீவன் மேல இவ்ளோ பிரியமா? முப்பத்தெட்டாம் நாளு?"

"விற்றுவிட்டார்."

இரண்டு நாள் பாய்க்குச் சோறு இறங்கவில்லையாம். அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "குதிரை நலமா?" என்பதுதான். டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். டீக்கடையிலிருந்து வண்டிக்காரர்கள், அவர்களிடமிருந்து ஷாப் முழுவதும். எனக்கும் பொழுது போயிற்று. சில வாரம் நானே கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் ஆண்டு பாய்க்கு ஹஜ் போகக் கப்பலில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"சார், ஹஜ்ஜுக்குப் போறவன் கையில யார் அமானத்தும் இருக்கக் கூடாது. இருந்தா நான் போறது இன்னா போக்கு? ஊர் பேர் கெடைக்கலன்னா, நான் இந்த வருஷம் போகல. அடுத்த வருஷம் பாப்போம்."

அவருக்கு அப்போது அறுபத்தைந்து இருக்கும், மூச்சிரைப்பு வேறு. அடுத்த வருடம் என்பது நிச்சயமில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் பாய்," என்று வந்தது.

லண்டன் ஏஜெண்டுகள் இருவரின் விலாசத்தில் பாதி பாதி எடுத்து ஒட்டி ஓர் ஊரை உண்டாக்கினேன். ஆபீஸ் டைப்ரைட்டரில் நானே அடித்தேன். அனுப்புநர் விலாசமாக மட்டும் ஷாப்பைப் போட்டேன். பாய் நோட்டை வெள்ளைத் துணியில் பொதிந்து, தைத்து, அரக்கு வைத்து, பெற்ற பெண்ணை அனுப்புகிற மாதிரி தபால் ஆபீசில் விட்டுவிட்டு வந்தார்.

கிளம்புமுன், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வழக்கப்படி, பழகிய எல்லாரிடமும் மாஃப் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடமும் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையில் பசை வாசனை.

"வாராவாரம் உங்கள பேஜார் பண்ணிட்டேன் சார். லீவு நாள்ல கூட தூங்க வுடல. மாஃப் பண்ணிடுங்க."

"பண்ணிவிட்டேன் பாய்," என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அவர் திரும்பி வருவதற்கு முன் பார்சல் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஓர் ஊரே இல்லை என்று முத்திரை குத்தி, என் மேஜைக்கே வந்தது. பாயின் தையல் பிரியவில்லை.

வேலூரை அடுத்த பாகாயத்தில் வயதான வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர் இருந்தார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரைத் தேடிப் போனேன். அவர் தமிழ் முழுவதும் வேதாகமத் தமிழ். "நீர் இதை வாசித்ததுண்டோ?" என்றார். "இல்லை அம்மா," என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் நாற்காலி போட்டு, பூதக்கண்ணாடியால் வரி வரியாகப் படித்தார்.

பாதிரியார் படுத்துக்கொண்டு எழுதவில்லை. ஒரு பக்கமிருந்து பிரசங்கக் குறிப்பு எழுதியிருக்கிறார். நோட்டைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கமிருந்து வீட்டு விஷயம்: கோழி எத்தனை முட்டை இட்டது, பசுவின் குளம்புப் புண்ணுக்கு என்ன மருந்து, யார் வீட்டில் காய்ச்சல். ஊர்ப் பெயர், அவர் பெயர் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தது. அம்மாளுக்கு அதைப் படிக்கக் கால் மணி நேரம்தான் ஆயிற்று.

குதிரைப் பக்கம் வந்தது. அம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தார். நான் வெள்ளைக் குதிரை வாங்கிய வரி இப்படி இருந்தது: 'இன்று எங்கள் மேரியை வடக்குச் சுவரோரம் அடக்கம் செய்தோம். வயது ஆறு.' கீழே முப்பத்தேழு நாளும் ஒரே வரி: 'இன்றும் ஜெபிக்க முடியவில்லை.'

முப்பத்தெட்டாம் நாள்: 'மழை. அவரைக்கொட்டை விதைத்தோம்.'

அம்மாள் உதவியோடு நோட்டைச் சரியான ஊருக்கு அனுப்பினேன். அனுப்புநராகப் பாயின் பெயரையே போட்டேன். அப்போதுதான் முதன்முறையாக அதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹஜ்ஜிலிருந்து பாய் வந்ததும் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பசை கிண்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன்.

"கொழந்த பேரு இன்னா சொன்னீங்க?"

"மேரி."

"மரியம்," என்றார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "பஜார் பூரா அந்தாள வெச்சு சிரிச்சோமே சார்," என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க பாய்."

"எங்கிட்ட கேக்கறது அப்புறம். அவருகிட்ட யாரு போய்க் கேக்கறது?" பசையைப் பார்த்தார். கட்டி தட்டிப் போயிருந்தது. அப்படியே தூக்கிக் கொட்டினார். அவர் பசையை வீணாக்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவர் வரவில்லை. சில மாதம் கழித்து அந்த ஊர்க் கோயிலிலிருந்து அவர் பெயருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தது. நோட்டு வந்து சேர்ந்ததாம், நன்றியாம். இதை நான் போஸ்ட் மாஸ்டர் சொல்லித்தான் அறிவேன். படித்துச் சொல்லச் சொல்லிப் பாய் அவரிடம்தான் போயிருக்கிறார். என் ஆபீசைத் தாண்டித்தான் தபால் ஆபீசுக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு முறை வந்தார். ஆபீஸ் வாசலில், உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"சார், அவரைக்கொட்டை வெதச்சாருன்னு சொன்னீங்களே. அப்புறம் அவரால தொழ முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொல்லியிருந்தால் அவர் முகம் மலர்ந்திருக்கும். எனக்கா சொல்லத் தெரியாது?

"தெரியல பாய். அத பத்தி அதுக்கப்புறம் அவர் எழுதல."

தலையை ஆட்டினார். "இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மன்னித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் பாய் போய்விட்டார். கடையில் பைண்டிங்குக்கு வந்த ஒரு புத்தகமும் மிச்சமில்லை என்றார்கள். எல்லாவற்றையும் முடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஜனாஸா ஊர்வலத்தோடு, அடக்கம் செய்யும் கபரஸ்தான் வாசல் வரை நடந்தேன். திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தேன். பஜாருக்கு உண்மை தெரியாது. பாய் யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. டீக்கடைக்காரர் கிளாசை வைத்துவிட்டு, துக்கத்தில் வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டார்.

"இன்னா சார், குதிரை நலமா?"

"இல்ல," என்றேன்.