பொடிக்கொசுவுக்கு நேரம் சொல்பவர்

யோசனைக்காரர் என்றோர் இனம் உண்டு. ஏரியடி ஊர்களில் பொடிக்கொசு பெருகும்போது இவர்களும் பெருகுவார்கள். கொசு, புகை போட்டால் போய்விடும். இவர்கள் போகமாட்டார்கள்.

உத்திரமேரூர்ப் பக்கத்து வேதகிரியைப் பாருங்கள். கடுகில் கால்வாசி இருக்கும் அந்தப் பூச்சி விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் கடிக்கும், காற்றடித்தால் எழும்பாது, ஈரச் சாணத்திலும் சேற்றிலும் முட்டை வைக்கும், கொசுவலைக் கண்ணில் சாவகாசமாக நுழைந்துவிடும், நெருக்கமாக நெய்த துணிக்குத்தான் அடங்கும் என்பதையெல்லாம் டீக்கடையில் சொல்வார், ரேஷன் வரிசையில் சொல்வார், சவரக்கத்தி தாடையில் இருக்கும்போதும் சொல்வார். தெருவில் யார் சொறிந்தாலும் நின்றுவிடுவார்.

"எத்தினி மணிக்குக் கடிச்சுது?"

அவர் பேச்சைக் கேட்டு ஏழு வீட்டில் எருக்குழியைக் கொல்லைக்கோடிக்கு மாற்றினார்கள். அவர் வீட்டுக் குழி? மாட்டுக் கொட்டகையை ஒட்டியே கிடந்தது. ஊர் வேலைக்கு நடுவில் நேரம் வேண்டாமா?

அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கோ கறவை நேரமும் கடி நேரமும் ஒன்று. மடியில் மொய்த்தால் பசு உதைக்காமல் என்ன செய்யும்? மூன்று நாளாகப் பால் தரையில். இன்று மாலையும் ஆறு மணிக்குள் பால் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவேன் என்றுவிட்டார் பால் சொசைட்டிக்காரர்.

"அந்தக் குழிய வாரிப் போடுயா."

"போடலாம்டி. சொசைட்டி நேரத்த எட்டு மணிக்கு மாத்தச் சொல்லி மனு எழுதிக்கினு கீறேன் இல்ல?"

மனுவோடு புறப்படப் பெட்டியைத் திறந்தார். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் வெளியே வரும் மல் வேட்டியைக் காணோம். தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனால், அது கொட்டகை வாசலில் திரையாகத் தொங்கியது. உள்ளே வேப்பந்தழைப் புகை வாசம். பசு அசையாமல் நிற்க, செம்பில் சர்சர்ரென்று பால் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி அநியாயம்! நான் இன்னாத்த கட்டிக்கினு போறது?"

"நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற, நெருக்கமான துணிக்குத்தான் அடங்கும்னு? மாடு கேட்டுக்கிச்சு. நீ கேக்கலன்னா நான் இன்னா பண்றது? வயிய வுடு, மணியாவுது."

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பால் போய்ச் சேர்ந்தது. பேரும் பிழைத்தது.

மறுநாள் காலை வேதகிரி டீக்கடைக்கு வந்ததும், "மல் துணி கட்டுங்கப்பா, எங்க வூட்ல கட்டச் சொன்னதே நான்தான்" என்று ஆரம்பித்துவிட்டார்.

குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நீங்கள் அந்த ரகமில்லை, தெரியும். ஆனாலும் படிக்கும்போதே, 'வேட்டியை எதற்குப் பாழாக்கவேண்டும், இரண்டு பழைய சேலையை மடித்துக் கட்டினால் ஆகாதா, யாராவது கோவிந்தம்மாளிடம் சொல்லக்கூடாதா' என்று வாய் துறுதுறுத்திருக்குமே? அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நடை உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்வாருங்கள்.