ஒரே அளவுப் புட்டிகள்

17 நவம்பர் 2024, ஞாயிறு, காலை 6.40
பொருள்: தங்கள் அக்கா வீடு திரும்புதல் குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கு நலம் விசாரிக்கும் நிலையில் எவரும் இல்லை.

நேற்று மருத்துவமனை வராந்தாவில், "அத்தான், அக்கா இனி எங்க வீட்டுலதான் இருப்பா. உங்க வீட்டுல மனுஷங்களுக்கு இடமில்லை" என்றீர்கள். செவிலியர் முன்னிலையில் பதிலளிப்பது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

வேதிப்பொருள்களுக்குப் பெயர் வகுக்கும் பன்னாட்டுக் குழுவில் நான் உறுப்பினன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரே பொருளுக்கு இரு நாடுகளில் இரு பெயர் வழங்கியதால் பீப்பாய் மாறி, என்னோடு பணியாற்றிய ஒருவர் இறந்தார். அதன் பிறகே சேர்ந்தேன். உலகுக்குச் சொல்லும் ஒழுங்கு நம் வீட்டில் இல்லையே என்று, 3 அக்டோபர் அன்று உப்பு, சர்க்கரை, சோடா மாவு, மாத்திரைகள் அனைத்தையும் ஒரே அளவுப் புட்டிகளுக்கு மாற்றி, பல நாட்டாரும் ஒப்பிய முழுப் பெயரை ஒட்டினேன். எந்த நாட்டு வேதியியலாளர் வந்தாலும் தடுமாற மாட்டார். "எந்த நாட்டுக்காரன் என் அடுப்படிக்கு வர்றான்? நான்தானே வர்றேன்" என்றாள் தங்கள் அக்கா. பழகிவிடும் என்றேன்.

12 நவம்பர் மாலை இணையவழிக் கூட்டம். யாரும் தட்டக் கூடாதென்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு புதுச் சேர்மத்தின் பெயருக்காகப் பதினொரு நாட்டாரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நெஞ்சு வலி. தட்டவில்லை. நாக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தேடியிருக்கிறாள். எல்லாப் புட்டியும் ஒன்றுபோல, ஒவ்வொரு பெயரும் ரயில் நீளம், குத்துமதிப்பா ஒண்ணை எடுத்து வெச்சிருக்கா, அது சத்து மாத்திரை. விழுந்த சத்தம் கேட்டு வந்த நான் சரியான புட்டியை ஒரே பார்வையில் எடுத்தேன். ஆகவே பெயரில் பிழையில்லை. ஆனா டாக்டர் நேரம் தப்பிடுச்சுன்னார், இதயத்துல ஒரு பக்கம் இனி தேறாதாம். என்னைப் பார்த்தா கண்ணை மூடிக்கிறா.

நேற்று மாலை புட்டிகளில் ஒட்டிய எல்லாப் பெயர்ச் சீட்டுகளையும் வெந்நீரில் நனைத்து உரித்துவிட்டேன். குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். எனக்கு உலகத்துல எத்தனை பட்டம் இருந்தாலும் அவ கூப்பிட்டது "என்னங்க" மட்டும்தான். அது கேக்காத வீட்டுல என்னால இருக்க முடியாது. அவளை இங்கேயே அனுப்பிவைக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் வீட்டில் எவரும் மருந்து தேட நேராதிருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அத்தான்

பி.கு. (காலை 7.25): தேநீர் போட்டேன். சர்க்கரை என்று கலந்தது சோடா மாவு. பிறகு மாத்திரை அலமாரியைப் பார்த்தேன். ஒன்பது புட்டி, எல்லாம் வெள்ளை. எது எதுவென்று எனக்கும் தெரியவில்லை. அவளைத் தாங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இணைப்பு:
1. உரித்த சீட்டுகள் (காயவைத்தது)
2. அவளது மூக்குக்கண்ணாடி