நங்கூரம் ஏறிய பெட்டி

மாலுமிக்கு இடுப்புப் பிடிப்பு. வீட்டில் பீரோவை நகர்த்தித் தரும்படி மனைவி கேட்ட அன்று வந்தது. இரண்டு வருஷமாகியும் போகவில்லை. மாலுமி என்பது ஆபீசில் கிண்டலாக வைத்த பெயர். மனிதர் இன்சூரன்ஸ் குமாஸ்தா. ஏறிய ஒரே கப்பல், இந்தத் தீவுக்கு வந்த படகு. அதிலும் வழி நெடுக வாந்தி. ஆனாலும் கடல் பித்து தெளியவில்லை.

விடுமுறையின் கடைசி நாள். சாயங்காலப் படகில் ஊர் திரும்ப வேண்டும். துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு நங்கூரத்திடம் அவர் மனதைப் பறிகொடுத்திருந்தார். அளவில் கைக்குழந்தை, கனத்தில் எருமை. அதைக் கூடத்தில் மாட்டிவிட்டால் அப்புறம் எவன் வாயைத் திறப்பான்? மனைவியிடம் மட்டும் சொல்ல முடியாது. அவள் ஆசைப்பட்ட பீங்கான் செட்டை, "யார் சுமக்கிறது? என் இடுப்பு என்னாகும்?" என்று நேற்றுத்தான் தட்டிக் கழித்திருந்தார்.

காலையில் அவள் கடற்கரைக்குப் போன நேரம் பார்த்து, கமுக்கமாக வாங்கி வந்து லாட்ஜ் அறையில் இருந்த பெட்டியின் அடியில் வைத்தார். மேலே துணிகளை அடுக்கினார். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். எழுந்தபோது பெட்டி பூட்டியிருந்தது.

"மீதித் துணியையும் வச்சுப் பூட்டிட்டேங்க."

"அடியில எதையும் கலைக்கலையே?"

"எதுக்குக் கலைக்கணும்? அவ்வளவு அழகா அடுக்கியிருந்தீங்க!"

போன உயிர் திரும்பியது. கீழே போர்ட்டர் கை நீட்டினான். அவன் தூக்கினால் கனத்தை ஊருக்கே சொல்லிவிடுவான்.

"வேணாம்ப்பா, நானே தூக்கறேன்."

"ஐயோ, உங்க இடுப்பு?"

"கடல் காத்துல சரியாப் போச்சு!"

"நெஜமாவா?"

"இரும்பு மாதிரி இருக்கு."

"கேட்டுக்குங்க, நீங்கதான் சாட்சி" என்றாள் அவள், லாட்ஜ்காரம்மாவிடம்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கால் எதிலோ இடறியது. பெட்டி மறைத்ததால் என்னவென்று தெரியவில்லை. படகுத்துறை வரை செங்குத்தான படிகள். மாலுமிக்கு நாக்குத் தள்ளியது. ஒரு திருப்பத்தில் பெட்டி சுவரில் மோத, "பார்த்துங்க!" என்று மனைவி அலறினாள். தன்மீது இத்தனை கரிசனமா என்று அவருக்குக் கண் கலங்கியது. இவளிடம் போய் மறைத்தோமே என்றுகூட இருந்தது.

படகு நகர்ந்ததும் அவள் சாவியை எடுத்தாள்.

"இப்ப எதுக்குத் திறக்கறே?"

"உடைஞ்சிருக்கான்னு பார்க்கத்தான்."

அவருடைய சட்டைகளுக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது, முழு பீங்கான் செட். பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு வாணலி.

"வாணலி எதுக்கு?"

"செட்டு மட்டும் வச்சா கனம் குறைஞ்சுது. உங்களுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதில்ல?"

மாலுமி பெட்டியின் அடிவரை துழாவினார். "அப்ப என் நங்கூரம்?"

"வாசக் கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு லாட்ஜ்காரம்மா புலம்பினாங்க. முட்டுக் குடுத்துட்டேன். நீங்ககூட இடறினீங்களே!"

தீவு சிறுத்துக்கொண்டே போனது. வாந்தி வரும் போலிருந்தது. அவள் ஒவ்வொரு தட்டாகத் துடைத்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"பரவாயில்லைங்க, இரும்பு இடுப்புதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அந்த பீரோ."