கிரீக்கு பற்றவைத்த அமாவாசை

எழுபதுகளில் புதுவாயல் பக்கம் நாற்காலிக்கு வேலையே கொடுக்காத டைம்கீப்பர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஃபவுண்டரி கிரீக்கு. பாதிரியாராகப் படிக்கப் போய், கிரேக்க மொழியோடு பாதியில் திரும்பி வந்தவர். கேட்டுக்கும் உலைக்கும் நடுவே நடந்துகொண்டேதான் வருகை குறிப்பார். டீயும் நடந்துகொண்டேதான். பாதி டீயைச் சட்டை குடிக்கும்.

அப்போது கரண்ட் போகாத நாளே கிடையாது. போன உடனே அவர் குரல் கேட்கும்: ஸ்கோதோமேனே. நிலா இல்லாத இருட்டுக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயராம். ஸ்கோதோஸ் என்றால் இருட்டு, மேனே என்றால் நிலா. பட்டப்பகலில் கரண்ட் போனாலும் இதே விளக்கம்தான். கேட்டுக் கேட்டு எங்கள் வெல்டருக்கே கிரேக்கம் வந்துவிட்டது.

ஒருமுறை பெரிய ஆர்டர் ஒன்றுக்காகப் புது உலை வந்தது. அமாவாசையன்று பற்றவைக்க வேண்டும் என்றார்கள் ஆட்கள். நமக்கு அது நல்ல நாள். முதலாளி ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவருக்கு அமாவாசையே ஆகாது. வேறு நாளில் உலையில் கைவைக்க மாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்டர் கேன்சலானால் நாற்பது பேருக்கும் வேலை போய்விடும். அங்கே கிளார்க்காக இருந்த எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கிரீக்கு முதலாளி அறைக்குள் நுழைந்து, அங்கேயும் நடக்க ஆரம்பித்தார்.

“நெலா இல்லாத இருட்டுக்குப் பேரு வெக்க சொல்லோ, அந்த கிரேக்கக்காரன் நெலாவயும் உள்ள சேத்துக்கினான் மொதலாளி. இன்னா அர்த்தம்? அது எங்கயும் போவல. கண்ணுக்குத் தெரில, அவ்ளோதான்.”

முதலாளிக்குத் தலை சுற்றியது. வார்த்தையாலா, நடையாலா, தெரியவில்லை.

“நீயே பத்த வை நைனா. எதனா ஆச்சுன்னா, அப்பறம் வேலைக்குன்னு கேட்டாண்ட வராத.”

அமாவாசை காலையில் கிரீக்கு பற்றவைத்தார். இரும்பு உருகி ஓடும்வரை உலைக்கு எதிரே ஒரே இடத்தில் நின்றார். அவர் நின்று நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். வார்ப்பு நல்லபடியாக வந்தது, ஆர்டர் போய்ச் சேர்ந்தது, என் கல்யாணமும் நடந்தது.

அடுத்த வருஷம் யாரிடமும் சொல்லாமல் அவர் எங்கேயோ நடந்து போய்விட்டார். அவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மாதாமாதம் புது ஏட்டிலும் அதைத்தான் முதலில் எழுதினேன். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு, ஆள்தான் இல்லையே, இது எதற்கு என்று கேட்டார்.

“கண்ணுக்குத் தெரில மொதலாளி, அவ்ளோதான்” என்றேன்.