முதலாளி அழுத அரங்கம்

உலகில் அநீதி என்று ஒன்று இருக்குமானால் அது வெளிநாட்டில்தான் இருக்க முடியும். உள்ளூரில் இருப்பதற்கு 'நடைமுறை' என்று பெயர். எந்த நூலையும் புரட்டாமலே இப்பேருண்மையைக் கண்டடைந்த மேதை, ஊரின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி. அதனாலன்றோ தம் ஒரே மகளைச் 'சமூக நீதிப் பயிற்சி'க்கு விமானம் ஏற்றி அனுப்பினார்! அநீதியைக் காண வேண்டுமானால் அது குடியிருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்?

பயிற்சி முடித்துத் திரும்பிய மாணவர்களின் 'சிந்தனைப் பகிர்வு' கல்லூரி அரங்கில் நடந்தது. முன்வரிசை மெத்தை நாற்காலியில் முதலாளி. முதலில் பேசிய மாணவர், "வறுமையை நேருக்கு நேர் கண்டேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால் படமும் நன்றாக வந்தது" என்று தழுதழுத்தார். அரங்கம் அதிரக் கைதட்டியது.

அடுத்து மகள் எழுந்தாள். "அங்கே ஒரு பெரிய கடை. விற்பனைப் பெண்கள் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். சுவரில் சாய்ந்தாலும் அதட்டல். அவர்களோடு நாங்களும் போராடினோம். இன்று ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை இருக்கிறது!"

முதலாளியின் கண்கள் குளமாயின. "அடப்பாவிகளா! பொம்பளைப் பிள்ளைங்களை நிக்க வச்சே கொல்றானுங்களே, அவனுங்கல்லாம் மனுஷங்களா?" என்று பக்கத்திலிருந்த கல்லூரி முதல்வரின் தோளில் சாய்ந்து விம்மினார்.

காரில் வீடு திரும்பும்போது மகள் மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா, நம்ம கடையில அக்காங்களும் நின்னுக்கிட்டேதானே இருக்காங்க? உட்கார ஏற்பாடு பண்றதா அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அங்க நிக்க வைக்கிறாங்க. இங்க அவங்களா நிக்கிறாங்க. உட்காரணும்னு தோணினா கேட்டிருக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்களே! அதுக்குத்தானே மாடியில சேலை விக்கிற அக்காவை வேலையை விட்டு அனுப்பினீங்க?"

"கேட்டதுக்கு யார் அனுப்பினா? துணி மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டே கேட்டுச்சு, அதுக்கு அனுப்பினேன்."

ஆயினும் அது கல்நெஞ்சம் அன்று. அரங்கில் கரைந்த நெஞ்சம். அந்த வாரமே கடை வாசலில் புத்தம் புதிய முக்காலிகள் வண்டியிலிருந்து இறங்கின. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டனர்.

"சொன்னதைச் செஞ்சுட்டியே பாப்பா! நீ நல்லா இருக்கணும்!"

கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் எழுந்தது. "என்ன வேடிக்கை? சீக்கிரம் எல்லாத்தையும் சாக்குல சுத்துங்க. கப்பலுக்கு நேரமாச்சு."

"கப்பலுக்கா?" மகள் திகைத்தாள்.

"அந்த நாட்டுப் பிள்ளைங்களுக்கு நம்ம கடையோட அன்பளிப்பும்மா. உங்க முதல்வர்கிட்ட சொன்னேன், அவரும் அழுதுட்டார்."

"அவங்களுக்குத்தான் இருக்கை கிடைச்சிருச்சேப்பா!"

"இருக்கட்டுமே. காலை நீட்டிக்க ஒண்ணு வேணாமா?"

பெண்கள் முக்காலிகளைச் சாக்கில் சுற்றத் தொடங்கினார்கள், நின்றபடியேதான். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுற்றிய சாக்கு ஒன்றைக் கிழித்து முக்காலியை வெளியே எடுத்துப் போட்டு, அருகில் நின்றவளின் தோளை அழுத்தி, "உட்காருங்கக்கா" என்றாள். அவள் உட்கார்ந்தாள்.

முதலாளி பதறியடித்து ஓடி வந்தார். நீதிக்காக ஒருமுறை கலங்கிய அதே கண்கள் மீண்டும் கலங்கியிருந்தன.

"ஏய், எந்திரி, எந்திரி! பாவப்பட்ட ஜனங்க உட்காரப் போறதும்மா அது! உனக்கு மனசாட்சியே இல்லையா?"